நடுத்தர லேப்டாப்பில் 1440பி, 4கே கேம் ஓடுமா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவன் நான். ரேம் போட வருகிறவர், ஃபேன் இரைகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர், மகனுக்கு காலேஜ் சீட் கிடைத்த கையோடு யோசனை கேட்க வருகிற அண்ணாச்சி என்று யார் வந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "ஸ்கிரீன் 2.5கே என்று போட்டிருக்கானே, அதில் கேம் முழுசா ஓடுமா?" 2.5கே என்றால் 1440பி அல்லது அதையொட்டிய அளவுத் திரை. தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நடுத்தரம் என்று நான் சொல்வது என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3050, 4050, 4060, 5050, 5060 ஆகிய லேப்டாப் கிராஃபிக்ஸ் கார்டுகளில் (திரைக்குப் படம் வரைகிற பாகம்) ஒன்று உள்ள மெஷினை. விலை மாதத்துக்கு மாதம் ஆடுவதால் அதை வைத்து வகை பிரிக்கவில்லை.

ஒரே வரியில் சொல்லுங்க, ஓடுமா ஓடாதா?

1080பி-யில் நன்றாக ஓடும். 1440பி-யில் கேமைப் பொறுத்து, செட்டிங்கை இறக்கி, அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்குவது) போட்டு ஓட்டலாம். 4கே-யில் பழைய கேமும் லேசான கேமும்தான். ஒரு வரியில் முடியவில்லை, சரி, காரணங்களைக் கீழே பார்க்கலாம்.

1080-இல் பறக்கிற கார்டு 1440 என்றதும் ஏன் திணறுகிறது?

கணக்கைப் பாருங்கள். 1920×1080 என்றால் திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 என்றால் சுமார் 36.9 லட்சம். 3840×2160, அதாவது 4கே, சுமார் 83 லட்சம். 1440-க்குப் போனால் வேலை ஏறத்தாழ 1.8 மடங்கு, 4கே-க்குப் போனால் சரியாக 4 மடங்கு. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்தை வரைய கார்டுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. மார்கழியில் வாசலில் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போனால் இழை இழுக்கிற கை அதேதானே, விடிவதற்குள் கோலம் முடியாது.

ஆனால் 1.8 மடங்கு புள்ளி என்றதும் வேகம் அப்படியே 1.8-ஆல் வகுபடாது. பிராசஸர் செய்யும் வேலை ரெசல்யூஷனால், அதாவது புள்ளி எண்ணிக்கையால், கூடுவதில்லை. 1080-இல் பிராசஸர்தான் பின்தங்கியது என்றால் 1440-க்குப் போனாலும் பெரிதாக எதுவும் குறையாது. கார்டு ஏற்கெனவே 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால்தான் அடி பலமாக விழும். புதிய கேம்களில் பெரும்பாலும் நிலைமை இதுதான்.

15 இஞ்ச் திரையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும், ஆனால் காசு கேட்கிற அளவுக்குத் தெரியாது. 15.6 இஞ்சில் 1080பி என்றால் ஓர் இஞ்சுக்கு 141 புள்ளி, 1440பி என்றால் 188. எழுத்து படிக்கும்போது 1440 கூர்மை. வேகமாக ஓடுகிற கேமில் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்தால் பெரிய வேறுபாடு இல்லை. 15 இஞ்சில் 4கே பேனல் எடுப்பதை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எனக்குப் பேனலில் முக்கியம் வேறு. நிறம் செத்துப்போய், பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிப்போகிற திரை நடுத்தர மெஷின்களில் இன்னும் வருகிறது. விவரத்தாளில் 45% என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களுக்கான அளவு) என்று போட்டிருந்தால் அது அந்த ரகம். 100% எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிற அளவுதான்) என்று போட்ட 1080பி திரை, 45% போட்ட எந்தத் திரையையும்விட நல்லது.

கடையில் 6 ஜிபி கார்டு போதும் என்கிறார்கள். போதுமா?

1080-க்குப் போதும், அதுவும் இழுத்துப் பிடித்துத்தான். 1440-க்கு 8 ஜிபி இல்லாமல் இறங்காதீர்கள்.

கார்டின் சொந்த நினைவகமான விஆர்ஏஎம் பற்றிய பேச்சு இது. ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் கார்டுக்கு 6 ஜிபி. 4060, 5050, 5060 மூன்றுக்கும் 8 ஜிபி. 3050-இல் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை உண்டு, பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். அடுத்த படியில் இருக்கிற 4070 லேப்டாப் கார்டுக்கும் 8 ஜிபிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடுதலாகக் காசு கொடுத்தாலும் அந்த இடத்தில் எதுவும் கூடவில்லை.

விஆர்ஏஎம் நிரம்பினால் கேம் நின்றுவிடாது. மிச்சத்தை மெஷினின் சாதாரண ரேமுக்குத் தள்ளும். அங்கிருந்து எடுத்து வர நேரமாகும். அதனால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 60 என்றே காட்டும், ஆனால் தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போது ஒரு குலுக்கு, கதவைத் திறந்தால் ஒரு குலுக்கு. "ஃபோர்மேட் போட்டுப் பார்த்தாச்சு அண்ணாச்சி, போகலை" என்று கொண்டுவருகிற மெஷின்களில் பாதி இந்தக் கேஸ்தான். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கிக் காட்டினால் அங்கேயே சரியாகிவிடும். வந்தவர் முகத்தில் சந்தோஷமும் இருக்காது, காசு கொடுத்து வாங்கியது மீடியத்துக்கா என்ற நினைப்பு.

2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி என்று போட்டு வந்தது. வருகிற கேம்கள் போகிற திசை அது.

நானும் கூட்டுக்காரனும் ஒரே 4060 வாங்கினோம். அவனுடையது ஏன் வேகமாக ஓடுகிறது?

வாட்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப் கார்டுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. 4060-க்கு என்விடியா கொடுத்த வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. டைனமிக் பூஸ்ட் என்ற பெயரில் அதற்கு மேலும் கொஞ்சம் ஏற்றுவார்கள், 140 வாட் வரை போகிற மெஷின்கள் உண்டு. மெலிதாக, அழகாக இருக்கிற லேப்டாப்பில் 60, 70 வாட்டில் கட்டி வைத்திருப்பார்கள். 75 வாட் 4060-க்குப் பக்கத்தில் முழு வாட் 4050 வந்து நின்று சண்டை போடும். பெட்டியில் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரத்தாளில் டிஜிபி (கார்டுக்குக் கொடுக்கும் வாட் அளவு) என்று தேடுங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்: 230 வாட் சார்ஜர் கொடுத்தவன் கார்டுக்கும் தாராளமாகக் கொடுத்திருப்பான், 135 வாட் கொடுத்தவனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

யூடியூபில் 80 எஃப்பிஎஸ் காட்டுகிறார்கள், எனக்கு 55-தான் வருகிறது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. நம்ம ஊர்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெல்லைச் சீமையில் ரெசல்யூஷனைவிடப் பெரிய கேள்வி இதுதான். அந்த வீடியோ எடுத்தவர் ஏசி அறையில் 24, 25 டிகிரியில் உட்கார்ந்திருப்பார். பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40-ஐத் தொடும், கான்கிரீட் மாடி அறை என்றால் இரவு பத்து மணிக்கும் அனல் இறங்காது. லேப்டாப்புக்குள் இருக்கிற ஃபேன் வெளிக்காற்றை இழுத்துத்தான் சூட்டைத் தள்ளுகிறது. அந்தக் காற்றே 10 டிகிரி கூடுதல் சூடாக வந்தால் உள்ளே இருப்பதும் ஏறத்தாழ அதே 10 டிகிரி ஏறும். ஏசி அறையில் 77 டிகிரியில் நிற்கிற கார்டு இங்கே 87-க்கு வரும். அந்த எல்லைக்கு வந்ததும் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாட்டைக் குறைக்கும். வாட் குறைந்தால் எஃப்பிஎஸ் குறையும். முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் இறங்கினால் சந்தேகமே வேண்டாம், சூடுதான்.

அடுத்தது புழுதி. ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் அடிக்கும். அதே மாதத்தில் இங்கே வறண்ட காற்றுதான். காற்றாலைகள் நிற்கிற பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றைச் சொல்லவே வேண்டாம். அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஃபேன் வாய்க்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும், நகத்தால் கிள்ளி எடுத்தால் முழுசாக ஒரே துண்டாக வரும். டவுனில் இருந்து வருவது சாம்பல் நிறம். திசையன்விளை, இட்டமொழி தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வருவது செவந்து இருக்கும். உவரி மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் திருகாணித் தலையில் துருவும் சேர்ந்திருக்கும். அந்தப் படலத்தை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினால் 10 டிகிரி வரை இறங்குவதைப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்பது ஏசி அறைக்காரர்களுக்கு. ஜன்னலைத் திறந்து வைத்து ஆடுகிறவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறக்கட்டும்.

காசு செலவழிக்காமல் சூட்டைக் குறைக்க வழி?

மெத்தை மேல் வைக்காதீர்கள். பத்தமடைப் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடிப் புத்தகம் வைத்துத் தூக்கிக்கொடுங்கள், நடுவில் காற்றுத் துளைகள் திறந்திருக்க வேண்டும். இருநூறு ரூபாய் கூலிங் பேட் செய்கிற வேலையில் பெரும்பகுதி இந்தத் தூக்கல்தான்.

எஃப்பிஎஸ்ஸைக் கட்டுங்கள். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம் காட்டும்) திரை என்பதற்காக எல்லாக் கேமையும் 144-க்கு விட வேண்டாம். கதைக் கேமை 60-இல் பூட்டினால் கார்டு மூச்சு விடும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99-க்கு மாற்றினால் டர்போ (பிராசஸரின் கூடுதல் வேக ஏற்றம்) நின்றுபோய், பிராசஸர் சூடு சட்டென்று இறங்கும். சில மெஷினில் அந்த வரி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். பிராசஸரும் கார்டும் ஒரே செம்புக் குழாயில் சூட்டைத் தள்ளுவதால் ஒன்றை ஆற்றினால் இன்னொன்றுக்கும் லாபம். எஃப்பிஎஸ் எவ்வளவு குறைகிறது என்பதை உங்கள் கேமிலேயே போட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக் கேமுக்கு இது ஒத்துவராது.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டால் 1440 ஓடும் என்கிறார்களே, ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, திரை அளவுக்குப் பெரிதாக்குகிற வித்தை. சும்மா இழுத்துப் பெரிதாக்காமல், முந்தைய படங்களில் இருந்த விவரத்தையும் எடுத்துக் கோர்க்கும். டிஎல்எஸ்எஸ் என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். ஏஎம்டி 2021-இல் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் தொடக்கத்திலிருந்தே மற்றக் கம்பெனிக் கார்டிலும் ஓடியது, பழைய ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவருக்கும் உதவும்.

இப்போது பெரும்பாலான புது மெஷினில் வருகிற 2560×1600 திரையை எடுத்துக்கொள்வோம். டிஎல்எஸ்எஸ்ஸை குவாலிட்டியில் வைத்தால் உள்ளே வரைவது 1707×1067. புள்ளிக் கணக்கில் சுமார் 18 லட்சம். 1080பி-யைவிடக் குறைவு! பெரிதாக்குவதற்கென்று கொஞ்ச நேரம் போகும் என்றாலும் 2.5கே திரை வாங்கியவர் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அதே திரையில் 1080-ஐ நேரடியாக ஓட்டினால் புள்ளிகள் சரியாகப் பொருந்தாமல் மங்கும், டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி அதைவிடத் தெளிவு. 1080பி திரையில் மட்டும் அப்ஸ்கேலிங்கைக் கடைசி வழியாக வையுங்கள். மூலமே சிறியது, அதில் இன்னும் குறைத்தால் தூரத்து மரமும் கம்பிவேலியும் நெளியும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு சமாச்சாரம். இரண்டு படத்துக்கு நடுவில் ஒரு படத்தைத் தானே செய்து செருகும். எண் இரட்டிப்பாகும், கைக்கும் திரைக்கும் உள்ள தாமதம் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். அடிப்படையில் 50, 60 வருகிற இடத்தில் போட்டால் வழுவழுப்பு. 25 வருகிற இடத்தில் போட்டு 50 என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏய்ப்பது.

எந்தக் கேம் எதில் ஓடும்?

வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட், கிரிக்கெட் கேம்கள்: நடுத்தர கார்டில் 1440 சாதாரணம். வேலரண்ட் 4கே-யிலேயே ஓடும். 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பு 1440-இல் ஹை செட்டிங்கில் சிரமமில்லை. எல்டன் ரிங் எந்தக் கார்டானாலும் 60-க்கு மேல் போகாது, கேமே அப்படிக் கட்டப்பட்டது, 4060 அதை 1440-இல் எட்டிப்பிடிக்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-வில் தண்ணீர், மேகம், நிழல் மூன்றையும் மீடியமாக்கி டிஎல்எஸ்எஸ் போடுங்கள், பார்க்க அருமையாகவே இருக்கும். சைபர்பங்க் 2077-இல் ரே டிரேசிங்கை (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி) அணைத்து, 4060-இல் 1440 குவாலிட்டி டிஎல்எஸ்எஸ் ஓட்டலாம். ரே டிரேசிங்கும் வேண்டும் 1440-ம் வேண்டும் என்றால் இந்த வகுப்பு மெஷினிடம் கேட்கக்கூடாது.

செட்டிங்கை இறக்கும் வரிசை என் பழக்கத்தில்: முதலில் ரே டிரேசிங், அப்புறம் நிழல், மேகம், பிரதிபலிப்பு. விஆர்ஏஎம் இருக்கிறவரை டெக்ஸ்சரைத் தொடாதீர்கள். அனிசோட்ரோபிக் 16-ஐ (சாய்வாகத் தெரியும் பரப்பைக் கூர்மையாக்கும் செட்டிங்) அப்படியே விடுங்கள், அதற்கு ஆகிற செலவு சொற்பம்.

வீட்டில் 55 இஞ்ச் 4கே டிவி இருக்கு. லேப்டாப்பை அதில் மாட்டலாமா?

மாட்டுங்கள். ஆனால் டிவி 4கே என்பதற்காகக் கேமையும் 4கே-யில் வைக்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் 55 இஞ்சில் 1080பி புள்ளியையே சாதாரணக் கண் தனியாகப் பிரித்துப் பார்க்காது. கேமை 4கே என்று வைத்து டிஎல்எஸ்எஸ்ஸை பர்ஃபாமன்ஸில் போட்டால் உள்ளே வரைவது 1080பி, அது நல்ல சமரசம். 4 ஜிபி, 6 ஜிபி கார்டுக்கு இதுவும் பாரம், நேராக 1080 வையுங்கள்.

டிவியில் கேம் மோடைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் பட்டனை அழுத்தி ஒரு யோசனைக்குப் பிறகுதான் ஆள் குதிப்பான். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கே 60 ஹெர்ட்ஸ், 2.1 என்றால் 120. பழைய 1.4 கேபிள் செருகியிருந்தால் 4கே 30-தான் காட்டும், கேபிளை மாற்றிவிட்டு அப்புறம் மெஷினைச் சந்தேகப்படுங்கள்.

16 ஜிபி ரேம் போதுமா?

போதும். ஆனால் ஒற்றைக் குச்சியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைக்க ஒரே குச்சியில் போட்டு அனுப்புவார்கள், இரண்டு குச்சி போட்டால் பிராசஸருக்கு ரேம் வேகம் இரட்டிப்பாகும், குலுக்கல் குறையும். 8 ஜிபி ஒற்றைக் குச்சி மெஷினில் கேமுக்கு முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால்? இன்வெர்ட்டரில் ஆடலாமா?

பேட்டரியில் கேம் ஆடுவது வீண். கார்டுக்கு முழு வாட் பேட்டரியால் கொடுக்க முடியாது, எஃப்பிஎஸ் பாதியாகும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை சேவ் பண்ணிவிட்டு வேறு வேலை பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் என்றால் ஆடலாம், கேம் ஓடும்போது லேப்டாப் 200 வாட் வரை இழுக்கும் என்பதால் அம்மா சீரியல் பாதியில் அணைந்தால் திட்டு உங்களுக்கு. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சார்ஜர் இரையும், சூடாகும். தவிர்க்கலாம்.

வோல்டேஜ் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம், சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை இடிக்கு. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மெட்டல் பாடியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று வருகிறவர்களின் வீட்டில் எர்த் சரியாக இருக்காது, அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருப்பார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது என் வேலை இல்லை.

ஊரில் ஃபைபர் இல்லை. மொபைல் டேட்டாவில் கேம் இறக்கலாமா?

ரெட் டெட் 2-வுக்கு 150 ஜிபி இடம் வேண்டும். தினம் 2 ஜிபி பிளானில் அது இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் வேலை. ஃபைபர் உள்ள சேக்காளி வீட்டில் ஸ்டீமில் (கேம் விற்கும் தளம்) இறக்கி, வெளி எஸ்எஸ்டியில் கொண்டுவந்து உங்கள் மெஷினில் காட்டிவிடலாம். கேமை உங்கள் அக்கவுண்டில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசு கொடுத்த லேப்டாப்பில் ஏதாவது ஓடுமா?

2011-இல் தொடங்கிய திட்டத்தில் கொடுத்த மெஷின்கள் படிப்புக்கானவை, தனி கிராஃபிக்ஸ் கார்டை எதிர்பார்க்க வேண்டாம். பழைய கேம்கள் 720பி-யில் ஓடும். உயர் ரெசல்யூஷன் பேச்சுக்கு இடமில்லை.

அதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கினால் என்ன?

கேம் மட்டும்தான் நோக்கம், வீட்டைவிட்டு நகராது என்றால் டெஸ்க்டாப்தான். அதில் காற்றோட்டம் தாராளம், கார்டை அப்புறம் மாற்றலாம், நம்ம வெயிலை அது தாங்குகிற விதமே வேறு. ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு அந்த யோசனையே வேண்டாம்.

பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க?

பகலில், ஏசி இல்லாத இடத்தில் பாருங்கள். அரை மணி நேரம் ஒரு கேமை ஓட்டச் சொல்லி, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் சூடு, வாட், வேகம் மூன்றையும் பாருங்கள். முதல் ஐந்து நிமிஷத்தில் இருந்த வாட் கடைசியிலும் இருந்தால் நல்லது. பாதியாக இறங்கினால் சுத்தம் செய்யாத மெஷின், விலையில் சர்வீஸ் காசைக் கழித்துக் கேளுங்கள். அடிமூடித் திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், எதற்காகத் திறந்தீர்கள் என்று கேளுங்கள். ஓரப் பிளாஸ்டிக் உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், விற்கிறவரிடமும் சார்ஜ் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.